‘ஹியூப்ரிஸ்’: செருக்கா, இறுமாப்பா, அதீத தன்னம்பிக்கையா?

பேனாமுனை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பொருளாதாரக் கட்டுரைகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்த்து வருபவன். இப்போது என் மேசையில் இருப்பது, அமெரிக்காவின் லாங் டேர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற முதலீட்டு நிதியத்தின் வீழ்ச்சியைப் பற்றிய நீண்ட கட்டுரை. 1994இல் தொடங்கிய அந்த நிதியத்தில், 1997ஆம் ஆண்டின் பொருளியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட ராபர்ட் மெர்ட்டனும் மைரன் ஷோல்ஸும் பங்காளிகள். 1998 ஆகஸ்டில் ரஷ்யா தன் கடன்களைத் திருப்பித் தர மறுத்ததும் சந்தை அவர்கள் கணக்குக்கு நேர் எதிராகத் திரும்பியது. சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 460 கோடி டாலர் கரைந்தது. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி கூட்டிய பேச்சுக்குப் பிறகு, 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து ஏறத்தாழ 360 கோடி டாலர் இட்டு அந்த நிதியத்தைத் தாங்கிப் பிடித்தன.

கட்டுரையில் ‘ஹியூப்ரிஸ்’ என்ற சொல் நான்கு இடங்களில் வருகிறது: தலைப்பில் ஒன்று, நிதியத்தின் கணிதத்தைப் பற்றிய பத்தியில் ஒன்று, பழைய கிரேக்கத்தை நினைவூட்டும் பத்தியில் ஒன்று, கடன் கொடுத்த வங்கிகளிடம் பங்காளிகள் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லும் பத்தியில் ஒன்று. நான்கிலும் ‘செருக்கு’ என்று எழுதி அனுப்பினேன். என் பதிப்பாசிரியர் நான்கையும் அடித்துவிட்டு ‘அதீத தன்னம்பிக்கை’ என்று மாற்றியிருக்கிறார். அவர்கள் அறிஞர்கள் என்றும், தங்கள் கணக்கை அளவுக்கு மீறி நம்பியதைத் தவிர வேறு குற்றம் செய்யவில்லை என்றும், ‘செருக்கு’ என்றால் அது வசையாகிவிடும் என்றும் அவர் காரணம் சொல்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகத் தோன்றினாலும் மனம் ஒப்பவில்லை. இந்தச் சொல்லின் பொருள் உண்மையில் எங்கே நிற்கிறது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நிகண்டு எழுதியது:

‘அதீத தன்னம்பிக்கை’ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தன்னம்பிக்கை நல்ல குணம். நல்லது ஒன்று அளவில் கூடிவிட்டது என்ற பொருளைத்தான் ‘அதீத’ என்ற முன்னொட்டு தரும். உப்பு கூடிய குழம்பும் குழம்புதான். ஹியூப்ரிஸ் அப்படி அளவில் மட்டும் வேறுபடுவதன்று, வகையிலேயே வேறானது.

ஆனால் மற்ற சொற்களையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது. ‘ஆணவம்’ நமக்கு அன்றாடச் சொல்லாக இருந்தாலும், சைவ சித்தாந்தத்தில் அது உயிரை அநாதியாகப் பற்றியிருக்கும் மலம், அதாவது அழுக்கு. பதவியோ பணமோ வந்த பிறகு தலைக்கேறுவதை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் அது பொருந்தாது. ‘மமதை’ என்பதன் வேர் ‘எனது’ என்ற எண்ணம். ‘தலைக்கனம்’ பேச்சில் உயிருள்ள சொல், ஆனால் ஒருவர் பேருந்தில் வணக்கம் சொல்லாமல் போனாலும் அதைத்தான் சொல்கிறோம். எஞ்சுபவை செருக்கும் இறுமாப்பும். ‘செருக்கும் சினமும் சிறுமையும் இல்லார்’ என்னும் குறளில் வரும் செருக்குக்குப் பரிமேலழகர் ‘மதம்’ என்று உரை கண்டார். யானைக்குப் பிடிக்கும் அந்த மதத்தை நினைத்துக்கொண்டால் செருக்கு வெறும் மனநிலையாக நில்லாமல், கண்ணை மறைத்து எதிரில் இருப்பவரை மிதிக்கும் ஒன்றாகிவிடும். கிரேக்க மூலம் இதற்கு ஒத்துவருகிறதா என்பதை அந்த மொழி அறிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆலிவ்இலை எழுதியது:

மதிப்பிற்குரிய நிகண்டு ஐயாவின் இறுதி வரிக்காகவே எழுதுகிறேன். நான் கிரேக்க நீதிமன்ற உரைகளைப் பல ஆண்டுகளாக மொழிபெயர்ப்பில் படித்து வருபவள், மூலத்தையும் தடுமாறித் தடுமாறிப் படிக்கக் கூடியவள். நம்மில் பலர் ‘ஹூப்ரிஸ்’ (ஆங்கில ‘ஹியூப்ரிஸ்’ஸின் கிரேக்க மூலம்) என்றதும் வானத்தை நோக்கி நிமிர்ந்து நிற்கும் ஒரு மனிதனையும், அவனைத் தண்டிக்கும் தெய்வத்தையும் நினைத்துக்கொள்கிறோம். பொது ஆண்டுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் ஏதென்ஸில் வாழ்ந்த ஒருவருக்கு அந்தச் சொல் முதலில் நினைவூட்டியது நீதிமன்றத்தை.

ஹூப்ரிஸ் அங்கே ஒரு குற்றம். அதற்கென்றே ஒரு பொது வழக்கு இருந்தது. பாதிக்கப்பட்டவர் மட்டுமன்றி எந்தக் குடிமகனும் அதைத் தொடுக்கலாம், தண்டனையை நீதிமன்றமே முடிவு செய்யும். குழந்தை, பெண், ஆண், சுதந்திரமானவர், அடிமை என்று யாருக்கு எதிராகச் செய்தாலும் அது குற்றம் என்று சட்டம் சொன்னது. அடிமைமுறையை இயல்பாக ஏற்றுக்கொண்ட ஒரு சமூகம் அடிமையையும் இந்தப் பட்டியலில் சேர்த்ததை ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் பெருமையாக எடுத்துக்காட்டுகிறார்.

அவருக்கு அதில் சொந்த வழக்கும் இருந்தது. டயோனைசஸ் விழாவில் தம் இனத்துப் பாடற்குழுவின் செலவை ஏற்று நடத்திய டெமாஸ்தனிஸை, மெய்டியஸ் என்ற செல்வர் நாடக அரங்கிலேயே, அத்தனை பேர் பார்த்திருக்க, கன்னத்தில் குத்தினார். அதைப் பற்றிய உரையில் டெமாஸ்தனிஸ் வலியைப் பற்றி அதிகம் பேசவில்லை. அடிப்பவனின் நிற்கும் தோரணை, பார்வை, குரல் ஆகியவற்றில்தான் கொடுமை இருக்கிறது என்றும், அவற்றை அடிபட்டவனால் பிறருக்கு எடுத்துச் சொல்லக்கூட முடியாது என்றும் வாதிடுகிறார். நான் படித்த பழைய உரைகளில் இந்தப் பகுதியைப் போல என்னை நிறுத்தி வைத்தது வேறில்லை.

இன்னொரு வழக்கும் உண்டு. அரிஸ்டன் என்ற இளைஞனை ஒரு மாலைப்பொழுதில் கோனோன் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் மறித்து, மேலாடையை உரித்து, சேற்றில் தள்ளி, உதடு கிழியவும் கண்கள் வீங்கி மூடவும் அடித்தார்கள். அது முடிந்ததும் கோனோன், சண்டையில் வென்ற சேவலைப் போலக் கூவினார். முழங்கைகளைச் சிறகுகளாக விலாவில் அடித்துக்கொள்ளும்படி நண்பர்கள் அவரைத் தூண்டினார்கள். அரிஸ்டன் தொடுத்தது சாதாரண அடிதடி வழக்குதான். இளவயதில் ஹூப்ரிஸ் வழக்கைச் சுமக்க வேண்டாம் என்று உற்றார் சொன்னதாக அவனே கூறுகிறான். ஆனாலும் நடந்தது ஹூப்ரிஸ்தான் என்பதற்கு அவன் காட்டும் சான்று அந்தச் சேவல் கூவல்.

அரிஸ்டாட்டில் ‘ரெட்டரிக்’ நூலின் இரண்டாம் பகுதியில் இதை வரையறுத்திருக்கிறார். தனக்கு எந்த ஆதாயமும் கருதாமல், பழிக்குப் பழியாகவும் அல்லாமல், இன்பத்துக்காக மட்டுமே மற்றவருக்கு அவமானம் தரும் செயலைச் செய்வதும் சொல்வதும் ஹூப்ரிஸ். மற்றவரை இழிவுபடுத்துவதால் தாம் உயர்ந்துவிட்டதாக எண்ணுவதுதான் அந்த இன்பத்துக்குக் காரணம் என்கிறார். இளைஞரும் செல்வரும் இதில் எளிதாக விழுகிறார்கள் என்றும் சேர்க்கிறார்.

ஆகவே மூலத்தில் ஹூப்ரிஸ் நெஞ்சுக்குள் தங்கும் குணமன்று. அதற்கு ஓர் ஆள் எதிரில் வேண்டும்.

பேனாமுனை எழுதியது:

ஆலிவ்இலை அம்மா அவர்களுக்கு மிக்க நன்றி. ஆனால் என் சிக்கல் இப்போது பெரிதாகிவிட்டது. என் கட்டுரையின் மனிதர்கள் யாரையும் சேற்றில் தள்ளவில்லை. அப்படியானால் ‘அளவு மீறியவன் வீழ்வான்’ என்ற இன்றைய ஆங்கிலப் பொருள் எங்கிருந்து வந்தது? அது பிற்காலத்தாரின் தவறான வாசிப்பு மட்டுமா?

ஆலிவ்இலை எழுதியது:

தவறான வாசிப்பு என்று முழுவதும் தள்ளிவிட முடியாது, அதற்கும் கிரேக்கத்திலேயே விதை உண்டு. பொது ஆண்டுக்கு முன் 472இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ நாடகத்தில், இறந்த மன்னர் டேரியஸின் ஆவி எழுந்து, ஹூப்ரிஸ் பூத்து அழிவு என்னும் கதிரை ஈன்றது என்றும், அறுவடை முழுவதும் கண்ணீர் என்றும் சொல்கிறது. அவருடைய மகன் செர்க்சஸ் ஹெலஸ்பான்ட் நீரிணையின் மீது பாலம் கட்டியதையும், புயல் அதை உடைத்தபோது கடலுக்கு 300 கசையடி கொடுத்து விலங்கை நீருக்குள் எறியச் செய்ததையும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். இங்கே அவமதிக்கப்படுவது கடல். எதிரில் ஓர் ஆள் வேண்டும் என்ற விதி இங்கும் உடையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பள்ளிப் பாடங்களில் பரவிய ஒரு தவறு மட்டும் திருத்தப்பட வேண்டும். துன்பியல் நாடகத் தலைவனின் குறை ஹூப்ரிஸ் என்று அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ நூலில் சொன்னதாகப் பலர் எழுதுகிறார்கள். அவர் அங்கே பயன்படுத்தும் சொல் ‘ஹமார்ஷியா’. அம்பு குறி தவறுவதிலிருந்து வந்த சொல், பிழை என்று பொருள். ஹூப்ரிஸை அதன் இடத்தில் வைத்தவர்கள் பிற்காலத்தார்.

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் மிகத் தாமதமாகவே நுழைந்தது. அச்சில் கிடைக்கும் தொடக்கச் சான்று 1884ஆம் ஆண்டைச் சேர்ந்தது. லத்தீன் வழியாக வந்திருந்தால் ‘ஹைப்பர்’ போல வேறு எழுத்துக்கூட்டலும் ஒலிப்பும் பெற்றிருக்கும். கிரேக்கம் படித்த கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் நேராக எடுத்துக்கொண்டதால்தான் ‘ஹியூப்ரிஸ்’ என்று நிலைத்தது. அந்த முதல் சான்றிலும் அது, யாராலும் கண்டிக்கப்படாமல் வளர்ந்த நல்ல குடும்பத்துப் பையன்களின் மிடுக்கான துடுக்குத்தனத்தைக் குறிக்கும் கல்லூரிக் கொச்சையாகவே அறிமுகமாகிறது. அது அரிஸ்டாட்டிலின் இளைஞர், செல்வர் என்ற குறிப்புக்கு மிக அருகில் இருக்கிறது. பிறகு இருபதாம் நூற்றாண்டில் அடிபட்டவர் மெல்ல மெல்லப் பொருளிலிருந்து மறைந்து, அடித்தவரின் மனமும் அவருடைய வீழ்ச்சியும் மட்டும் எஞ்சின. வரலாற்றாசிரியர் இயன் கெர்ஷா, ஹிட்லர் வாழ்க்கை வரலாற்றின் முதல் தொகுதிக்கு ‘ஹியூப்ரிஸ்’ என்றும் இரண்டாம் தொகுதிக்கு, தண்டிக்கும் கிரேக்கத் தெய்வத்தின் பெயரான ‘நெமிசிஸ்’ என்றும் பெயரிட்டார். முதலாவது 1998இல், உங்கள் நிதியம் சரிந்த அதே ஆண்டில் வெளிவந்தது. சொல்லைப் பார்த்ததும் வாசகர் அடுத்ததாக வீழ்ச்சியை எதிர்பார்க்கும் அளவுக்கு அந்த இணை வேரூன்றிவிட்டது.

இன்னும் பழைய சான்று ஒன்று. ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோன், மனம் செம்மைப்படாத மனிதரிடம் பெருஞ்செல்வம் வந்து சேரும்போது ‘கோரோஸ்’ ஹூப்ரிஸைப் பெறுகிறது என்று பாடினார். கோரோஸ் என்றால் வயிறு நிறைந்த பின்னும் உண்டு திகட்டிய நிலை.

கொடிக்கால் எழுதியது:

நான் மொழி அறிஞன் அல்லன், காய்கறி பயிரிடுபவன். அம்மா சொன்ன கடைசி வரியைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்கள் பக்கத்தில் ஒருவன் வம்புக்கு அலைந்தால் ‘கொழுப்பெடுத்து அலைகிறான்’ என்போம்; இன்னும் கோபம் வந்தால் ‘சோற்றுக் கொழுப்பு’ என்போம். சோலோன் சொன்னதும் இதுதானே?

தழைச்சத்து கூடிய கத்தரிச் செடி மதமதவென்று வளரும். இலை கரும்பச்சையாக விரியும், தண்டு பருக்கும், ஆனால் பூவும் பிஞ்சும் குறைந்துவிடும். ‘மதர்த்துப் போச்சு’ என்று என் தகப்பனார் சொல்வார். நிகண்டு ஐயா சொன்ன யானையின் மதமும் இந்த மதர்ப்பும் ஒரே வேரா என்று அறிய விரும்புகிறேன்.

ஆலிவ்இலை எழுதியது:

கொடிக்கால் அவர்களே, தாங்கள் அறியாமலே கிரேக்கத்தின் இன்னொரு வழக்கைத் தொட்டுவிட்டீர்கள். அரிஸ்டாட்டிலின் மாணவரும் தாவரநூலைத் தொகுத்தவருமான தியோஃபிராஸ்டஸ், காய்க்காமல் தழைத்துக்கொண்டே போகும் வாதுமை மரத்தில் இரும்பு முளை அடிக்கும் வழக்கத்தை எழுதுகிறார். மரம் ஹூப்ரிஸ் செய்கிறது, அதனால் அதைத் தண்டிக்கிறார்கள் என்று சிலர் கூறுவதாகவும் குறிப்பிடுகிறார். உங்கள் ஊரில் காய்க்காத மரத்தில் ஆணி அடிக்கும் வழக்கம் உண்டா?

கொடிக்கால் எழுதியது:

உண்டு. ஆணியும் அடிப்பார்கள், அரிவாளை எடுத்துப்போய் ‘இந்த வருடம் காய்க்கவில்லை என்றால் வெட்டிவிடுவேன்’ என்று மரத்திடம் சொல்லியும் வருவார்கள். என் பாட்டனார் பலாமரத்திடம் அப்படிச் சொன்னதை நான் சிறுவனாக அருகில் நின்று கேட்டிருக்கிறேன்.

நிகண்டு எழுதியது:

மதர்த்தல் என்ற வினைக்குச் செழித்தல், செருக்குதல் என்று இரு பொருளும் அகராதியில் உண்டு. மதத்தோடு அது வேரில் உறவுடையதா என்பதைத் தனி இழையில் பேசலாம். பொருளில் இரண்டும் அருகருகே நிற்பது மட்டும் இங்கே நமக்குப் போதும்.

ஞாயிறுமணி எழுதியது:

இந்த இழையை மூன்று நாள்களாகப் படித்து வருகிறேன். ஹூப்ரிஸ் என்ற கிரேக்கச் சொல்லைத் தமிழில் பெயர்க்கும் வேலை பல தலைமுறைகளுக்கு முன்பே நடந்துவிட்டது என்பதை யாரும் இதுவரை குறிப்பிடவில்லை. புதிய ஏற்பாட்டின் மூலமொழி கிரேக்கம். அதில் இந்தப் பெயர்ச்சொல் மூன்றே இடங்களில் வருகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில், புயற்காலத்தில் கப்பலேறினால் வரப்போகும் கேட்டைப் பவுல் எச்சரிக்கும்போது ஒரு முறையும், அந்தக் கேடு வந்த பிறகு ஒரு முறையும் வருகிறது. நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு எச்சரிக்கையில் அதை ‘வருத்தம்’ என்கிறது. கடலின் கையால் மனிதருக்கு நேரும் ஹூப்ரிஸ் அது. செர்க்சஸின் கையால் கடலுக்கு நேர்ந்ததை அம்மா சொன்னபோது எனக்கு இந்த இடம்தான் நினைவுக்கு வந்தது. மூன்றாவது, இரண்டாம் கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தில், அங்கே ‘நிந்தைகள்’.

ஹூப்ரிஸ் செய்கிறவரைக் குறிக்கும் சொல் இரண்டு இடங்களில் உண்டு. பவுல் தம் பழைய வாழ்வைச் சொல்லும்போது ‘கொடுமை செய்கிறவன்’ என்று பெயர்த்திருக்கிறார்கள். ரோமர் முதல் அதிகாரத்தின் பட்டியல்தான் நமக்கு மிகவும் பயன்படும். கிரேக்கத்தில் அங்கே மூன்று சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன: ஹூப்ரிஸ் செய்பவர், தம்மை மேலானவராக எண்ணுபவர், இல்லாததை உண்டென்று பீற்றிக்கொள்பவர். தமிழில் அவை முறையே ‘துராகிருதர்’, ‘அகந்தையுள்ளவர்கள்’, ‘வீம்புக்காரர்’. அகந்தை என்ற சொல் கையில் இருந்தும் அதை ஹூப்ரிஸுக்குக் கொடுக்காமல் அடுத்த சொல்லுக்குக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பட்டியலைச் சிறுவயதிலேயே மனப்பாடமாகச் சொல்வோம். மூன்றும் ஒரே பொருளின் அடுக்கு என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன், இப்போது மொழிபெயர்த்தவர்களின் கவனத்தை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

நிரலாளர் எழுதியது:

பழைய பொருள் மிகவும் சுவையாக இருக்கிறது, ஆனால் இன்றைய பயன்பாட்டை மறந்துவிடக் கூடாது. பெர்ல் நிரல்மொழியை உருவாக்கிய லாரி வால், நிரலாளரின் மூன்று நற்குணங்களாகச் சோம்பல், பொறுமையின்மை, ஹியூப்ரிஸ் ஆகியவற்றைச் சொன்னார். பிறர் குறை சொல்ல முடியாத நிரலை எழுதவும் பேணவும் தூண்டும் குணம் என்று மூன்றாவதை விளக்கினார். எங்கள் தொழிலில் பலர் அந்தச் சொல்லை முதலில் கேட்டதே இந்த நல்ல பொருளில்தான்.

பொருளாதாரத்திலும் அது ஒரு கலைச்சொல். ரிச்சர்ட் ரோல் 1986இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, ஒரு நிறுவனம் மற்றொன்றைக் கூடுதல் விலைக்கு வாங்குவதற்கு வாங்குபவரின் ஹியூப்ரிஸ் காரணமாகலாம் என்றது. தம் மதிப்பீட்டின் பிழையை அறியாதிருத்தலே அங்கே முதன்மை, அவமதிப்புக்கு இடமில்லை. மருத்துவரும் பிரிட்டனின் முன்னாள் வெளியுறவு அமைச்சருமான டேவிட் ஓவென், உளமருத்துவர் ஜொனாதன் டேவிட்சனுடன் சேர்ந்து 2009இல் ‘ஹியூப்ரிஸ் நோய்க்குறி’ என்ற கருத்தை முன்வைத்து, 14 அறிகுறிகளைப் பட்டியலிட்டார். அதிகாரத்தில் நெடுங்காலம் இருப்பவருக்கு வருவதும், அதிகாரம் நீங்கினால் பெரும்பாலும் தணிவதும் அதன் இயல்பு என்றார்கள். ஆகவே பதிப்பாசிரியரின் ‘அதீத தன்னம்பிக்கை’ முழுவதும் தவறு என்று எனக்குத் தோன்றவில்லை.

நிகண்டு எழுதியது:

லாரி வால் கெட்ட பெயர் உடைய மூன்றை எடுத்து வேண்டுமென்றே நற்குணம் என்று அழைத்தார். அந்தச் சொல் கெட்டதாக இருப்பதால்தான் அவர் கூற்றுக்குச் சுவை. அவர் விளக்கும் குணத்துக்குத் தமிழில் ‘பெருமிதம்’ என்று பெயர். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டில் ஒன்றாக அதை வைத்து, கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கிலிருந்து அது பிறக்கும் என்றார். நான் மேலே சொன்ன குறளும் செருக்கு இல்லாதவரின் வளர்ச்சியைப் ‘பெருமித நீர்த்து’ என்று சொல்லி இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறது.

ரோல் பற்றிய குறிப்பு வலுவானது, அதை ஏற்கிறேன். ஆனால் அந்தப் பொருளுக்கும் ‘அதீத தன்னம்பிக்கை’யை விடக் கூர்மையான சொல் திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில் இருக்கிறது:

அமைந்தாங் கொழுகான் அளவறியான் தன்னை
வியந்தான் விரைந்து கெடும்.

பிறரோடு பொருந்தி நடக்காதவன், தன் வலிமையின் அளவை அறியாதவன், தன்னையே வியந்துகொண்டவன் ஆகிய மூவரையும் ஒருவனாகவே நிறுத்தி, அவன் விரைவில் கெடுவான் என்கிறது. முதலாவது ஏதென்ஸ் நீதிமன்றத்தின் ஹூப்ரிஸுக்கு அருகில் நிற்கிறது. இரண்டாவது ரோல் சொல்வது. மூன்றாவது நாம் இழை முழுவதும் பேசிய செருக்கு. பேனாமுனை அவர்கள் நான்கு இடத்துக்கும் ஒரே சொல்லைத் தேடியதுதான் சிக்கலின் மூலம் என்று இப்போது எண்ணுகிறேன்.

பேனாமுனை எழுதியது:

நிகண்டு ஐயா சொன்னது உண்மை. மூலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன். நேற்றிரவு நான்கு இடங்களையும் மறுபடி எழுதினேன்.

தலைப்பு: ‘அளவறியார்’. கணிதத்தைப் பற்றிய பத்தியில் கட்டுரை சொல்லும் செய்தி இது: 1997 இறுதியில் நிதியம் வெளி முதலீட்டாளர்களுக்கு ஏறத்தாழ 270 கோடி டாலரைத் திருப்பித் தந்தது, ஆனால் தன் பந்தயங்களை அதற்கேற்பக் குறைக்கவில்லை. 1998 தொடக்கத்தில் ஏறத்தாழ 470 கோடி டாலர் மூலதனத்தின் மேல் 12,000 கோடி டாலருக்கும் மேற்பட்ட கடன் நின்றது. இந்த இடத்தில் ‘தங்கள் கணக்கின் அளவை அறியாத இறுமாப்பு’ என்று எழுதியிருக்கிறேன். கிரேக்கப் பத்தியில் ‘ஹூப்ரிஸ்’ என்றே விட்டு, ‘பிறரை இழிவுபடுத்தி அதில் இன்பம் காணும் குற்றத்துக்கு ஏதென்ஸ் மக்கள் இட்ட பெயர்’ என்ற விளக்கத்தை வாக்கியத்துக்குள்ளேயே சேர்த்தேன். பதிப்பாசிரியர் இந்த இழையை முழுவதும் படித்தார். மூன்றையும் ஏற்றுக்கொண்டார்.

நான்காவது இடம் இன்னும் தீரவில்லை. கடன் தரும் வங்கிகளிடமே நிபந்தனை விதித்து, கேள்வி கேட்டவர்களை மதிக்காமல் அனுப்பியதாகக் கட்டுரை கூறுகிறது. எதிரில் ஆள் இருக்கிறார், அவமதிப்பும் இருக்கிறது, ஆகவே இதுதான் பழைய பொருளுக்கு மிக அருகில் உள்ள இடம். ‘துராகிருதம்’ இன்றைய வாசகருக்குப் புரியாது. ‘கொட்டம்’ என்று எழுதலாமா? ‘கொட்டம் அடங்கியது’ என்ற வழக்கில் வீழ்ச்சியும் உடன் வருகிறது. பேச்சு வாடை அடிக்கும் என்று பதிப்பாசிரியர் தயங்குகிறார்.

கொடிக்கால் எழுதியது:

தாராளமாக எழுதுங்கள். கொட்டம் என்றால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஆலிவ்இலை எழுதியது:

நானும் ஆதரிக்கிறேன். கூவிய கோனோனைத் தமிழில் எழுத நேர்ந்தால் நானும் அந்தச் சொல்லைத்தான் எடுப்பேன்.

நிகண்டு எழுதியது:

எனக்குச் சிறிய தயக்கம் உண்டு. கொட்டத்தில் ஆரவாரம் கேட்கிறது. வங்கியாளர்களை அவமதித்தவர்கள் குரலை உயர்த்தாமலே அதைச் செய்திருந்தால் ‘எள்ளல்’ பொருந்தும். மூலத்தில் அந்தப் பங்காளிகளின் பேச்சு எப்படி வருணிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

பேனாமுனை எழுதியது:

பார்த்தேன் ஐயா. அமைதியான குரலில் பேசினார்கள் என்றுதான் இருக்கிறது. ‘எள்ளல்’ என்றே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.